ஐம்பது கேஏ, ஒட்டினால் போதும்

"கேஏ எவ்வளவு போடணும் சார்?"

"டெண்டர்ல எவ்வளவு கேட்டிருக்கான்?"

"அம்பது."

"அப்ப அம்பது போடு."

ஷார்ட் சர்க்யூட் சோதனை முடிந்தது. பெங்களூரில் சி.பி.ஆர்.ஐ. என்று மத்திய அரசின் ஆராய்ச்சி நிறுவனம் ஒன்று 1960 முதல் இருக்கிறது. அங்கே ஆயிரக்கணக்கான ஆம்பியரை பேனலுக்குள் உண்மையாகவே பாய்ச்சி, நிற்கிறதா, வெடிக்கிறதா என்று பார்த்துச் சொல்வார்கள். அதற்குப் பணமும் ஆகும், நாளும் ஆகும், பேனலும் போகும். நம் நேம் பிளேட் கடைக்காரர் அதே வேலையை டீ ஆறுவதற்குள் முடித்துக் கொடுத்துவிடுகிறார். தகடு அலுமினியத்திலா, பிளாஸ்டிக்கிலா என்பது ஒன்றுதான் அவருக்குத் தெரிய வேண்டும். பத்து கேஏவுக்கும் ஒரே விலை, ஐம்பதுக்கும் ஒரே விலை. நாட்டின் மலிவான உயர்மின்னோட்டச் சோதனைக்கூடம் அவருடைய அச்சு மெஷின்தான். பத்மஸ்ரீக்குப் பரிந்துரைக்கலாம்.

இந்தக் கேஏ என்ன என்று தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம். பேனலுக்குள் ஒரு பல்லி விழுகிறது, அல்லது யாரோ மறந்துபோன ஸ்பேனர் இரண்டு பேஸுக்குக் குறுக்கே சாய்கிறது. அந்த நொடியில் ஓடும் மின்னோட்டத்துக்கும் உங்கள் மோட்டார் எத்தனை ஹெச்பி என்பதற்கும் அநேகமாகச் சம்பந்தமே கிடையாது. டிரான்ஸ்பார்மரால் எவ்வளவு தள்ள முடியுமோ அவ்வளவும் வரும். ஆயிரம் கேவிஏ டிரான்ஸ்பார்மர், 433 வோல்ட் என்றால் முழு லோடு 1333 ஆம்பியர். அதன் தகட்டில் இம்பீடன்ஸ் 5 சதவீதம் என்று போட்டிருக்கும். 1333ஐ 0.05ஆல் வகுத்தால் ஏறத்தாழ 26,700 ஆம்பியர், அதாவது 26.7 கேஏ. பக்கத்திலேயே நிற்கும் பேனலின் உள்ளே உள்ள பிரேக்கர், பஸ்பார், கான்டாக்டர், டெர்மினல் எல்லாம் இதைத் தாங்க வேண்டும். இல்லையென்றால் மேலே உள்ள ஒருவன் அதை இவை தாங்கும் அளவுக்கு வெட்டிக் குறைக்க வேண்டும். எட்டாம் வகுப்பு வகுத்தல் கணக்கு இது. தன் இன்க்ரிமென்டுக்கு பர்சேஸ் மேனேஜர் இதைவிடச் சிக்கலான கணக்கெல்லாம் போடுவார்.

அம்பத்தூர் பக்கம் ஒரு தொழிற்சாலையில் இப்படி டிரான்ஸ்பார்மர் அறையை ஒட்டி நின்ற பேனல் ஒன்றைத் திறந்து பார்த்தேன். கதவில் ஐம்பது கேஏ, ஒரு விநாடி என்று பளபளவென்று தகடு. உள்ளே, சப்ளை நுழையும் இடத்தில், இன்கமர் எம்.சி.சி.பி. பிரேக்கர். அதன் முகத்தில் பொடி எழுத்தில் ஒரு பட்டியல்: 240 வோல்ட்டில் 50 கேஏ, 415 வோல்ட்டில் 25 கேஏ. தகடு அடித்தவர் முதல் வரியோடு நிறுத்திக்கொண்டார் போலிருக்கிறது. பேனல் ஓடுவது 415இல். அந்த 25க்குப் பெயர் ஐசியூ. ஆஸ்பத்திரியை நினைத்துக்கொண்டால் பொருள் சரியாகவே வரும். சோதனையில் பிரேக்கர் அந்த மின்னோட்டத்தை ஒரு தடவை வெட்ட வேண்டும், மூன்று நிமிடம் கழித்து அதே ஷார்ட்டின் மேல் மூடி, மறுபடி வெட்ட வேண்டும். அதற்குப் பிறகு அது தன் சாதாரண லோடைத் தூக்கும் என்று தரநிலை எந்த உத்தரவாதமும் கேட்பதில்லை. அடிபட்ட பிறகும் எழுந்து வேலை பார்க்கும் அளவு எது என்பதற்கு ஐசிஎஸ் என்று இன்னொரு எண் உண்டு. பட்டியலில் அதற்குக் கீழ் வரி: ஐசியூவில் 50 சதவீதம். ஆக, கதவில் 50, உண்மையில் 25, அதற்குப் பிறகும் நம்பி ஓட்டலாம் என்றால் 12.5. வருவதோ 26.7.

இன்கமருக்குக் கீழே வரிசையாக எம்.சி.பி.கள். ஒவ்வொன்றின் முகத்திலும் சின்னக் கட்டத்துக்குள் 10000 என்று இருந்தது. அது வீட்டு உபயோகத்துக்கான தரநிலைப்படி 10 கேஏ. அவை பாவம், ஒளித்துவைக்கவில்லை, நெற்றியிலேயே எழுதிக்கொண்டு நிற்கின்றன. கேட்டதற்கு மெயின்டனன்ஸ் இன்ஜினீயர் சிரித்துக்கொண்டே சொன்னார்:

"கேஸ்கேடிங் இருக்கு சார். மேல இருக்கிறவன் பாத்துப்பான்."

கேஸ்கேடிங் பொய்யான சமாச்சாரம் இல்லை. மேலே உள்ள பிரேக்கரும் சேர்ந்து திறந்து, கீழே உள்ளவனின் பாரத்தைக் குறைக்கலாம். ஆனால் எந்த மேலோடு எந்தக் கீழ் சேரும், எத்தனை கேஏ வரை தாங்கும் என்பதைத் தயாரித்த கம்பெனி சோதித்து அட்டவணையாகப் போட்டிருக்கும். அந்த அட்டவணையில் இருக்கும் ஜோடிக்கு மட்டும்தான் அந்தப் பேச்சு. இந்தப் பேனலில் மேலே ஒரு கம்பெனி, கீழே வேறொரு கம்பெனி. எதில் எவ்வளவு டிஸ்கவுன்ட் என்று பார்த்து வாங்கியது. இருவரும் முதன்முதலில் சந்தித்துக்கொண்டதே இந்தப் பெட்டிக்குள்தான். எந்த அட்டவணையிலும் இல்லாத இந்தக் கல்யாணத்துக்கு ஜாதகம் பார்த்தவர் ஸ்டோர் கீப்பர்.

கான்டாக்டர்களைப் பார்த்தேன். கேட்லாக்கில் 50 கேஏ என்று இருக்கும் ரகம்தான். கூடவே ஒரு நிபந்தனையும் இருக்கும்: முன்னால் இன்ன ரகத்தில், இன்ன ஆம்பியர் ஃபியூஸ் இருந்தால். அந்த ஐம்பது ஃபியூஸின் சொத்து, கான்டாக்டர் அதன் நிழலில் வாழ்கிறது. நிபந்தனையை உருவிவிட்டு எண்ணை மட்டும் எடுத்துக்கொள்வது நம் தொழிலில் ஒரு கலை. இதில் ஒரு ஃபீடருக்கு ஹெச்.ஆர்.சி. ஃபியூஸ் உண்மையிலேயே இருந்தது, அல்லது இருந்திருக்கிறது. இப்போது அதன் இடத்தில் முறுக்கிய செப்புக் கம்பி. ஞாயிற்றுக்கிழமை ராத்திரி ஃபியூஸ் போயிருக்கிறது, ஸ்டோர் சாவி ஊருக்குப் போயிருக்கிறது, புரொடக்‌ஷன் நிற்கக்கூடாது. எண்பது கேஏவை வெட்டக்கூடிய பீங்கான் குழாயைக் கழற்றி எறிந்துவிட்டு இரண்டு ரூபாய்க் கம்பியைக் கட்டியவனைத் திட்டுவதற்கு முன், ஸ்பேர் வாங்கும் இன்டென்டை மூன்று மாதமாகக் கையெழுத்துப் போடாமல் வைத்திருந்த மேஜையைத் தேடிப் போங்கள்.

இந்தப் பேனல் யார் கண்ணிலும் படாமல் வந்துவிட்டதா? இல்லவே இல்லை. இன்ஸ்பெக்‌ஷன் நடந்தது. வாடிக்கையாளர் தரப்பில் இருவர், கன்சல்டன்ட் தரப்பில் ஒருவர் காரில் வந்து இறங்கினார்கள். பெயின்ட் கனம் பார்க்கும் கருவியைக் கதவில் வைத்து எத்தனை மைக்ரான் என்று குறித்துக்கொண்டார்கள். சாம்பல் நிறம் ஆர்.ஏ.எல். 7032தானா என்று ஷேட் கார்டை வைத்துப் பார்த்தார்கள், ஒரு பக்கத் தகட்டில் கீறல் என்று குறை எழுதினார்கள். மெகர் போட்டார்கள். கதவுக்கு எர்த் கம்பி, கேபிள் க்ளாண்ட், ஃபெருல் நம்பர் எல்லாம் சரி. பிரியாணி வந்தது. கையெழுத்தானது. இருபத்தாறாயிரம் ஆம்பியர் வந்தால் என்ன ஆகும் என்ற கேள்வி அந்தச் செக்லிஸ்ட்டில் எந்த வரியிலும் இல்லை. பேனல் வெடித்தால் பெயின்ட் மட்டும் உரியாது என்று எனக்கு முழு நம்பிக்கை இருக்கிறது.

யாராவது அதிகப்பிரசங்கி டைப் டெஸ்ட் சர்டிபிகேட் கேட்டால்? அதுவும் தயார். ஜெராக்ஸுக்கு ஜெராக்ஸ், அதற்கும் ஜெராக்ஸ், கம்பெனிப் பெயர் இருந்த இடத்தில் ஒயிட்னர் வெள்ளை. அந்தச் சான்றிதழ் அசலில் நியாயமானதுதான். இன்ன டிராயிங், இன்ன அளவு பஸ்பார், இத்தனை மில்லிமீட்டருக்கு ஒரு சப்போர்ட் என்று ஒரு குறிப்பிட்ட பேனலுக்கு மட்டும் கொடுத்தது. அதைக் கோவையிலிருந்து கும்மிடிப்பூண்டி வரை எல்லாப் பெட்டிகளுக்கும் பொதுச்சொத்தாக்கிவிட்டோம்.

சப்போர்ட் இடைவெளி என்ன பெரிய விஷயம் என்பவர்களுக்கு ஒரு கணக்கு. 26.7 கேஏ என்பது ஆர்.எம்.எஸ். மதிப்பு. முதல் அரைச் சுற்றில், நூறில் ஒரு விநாடிக்குள், உச்சம் அதைப் போல 2.1 மடங்கு போகும் என்று எடுத்துக்கொள்ளச் சொல்கிறது ஐ.இ.சி. 61439 தரநிலை. ஐம்பத்தாறாயிரம் ஆம்பியர் என்று வைத்துக்கொள்வோம். பத்து சென்டிமீட்டர் இடைவெளியில் ஓடும் இரண்டு செப்புப் பட்டைகளில் அது பாய்ந்தால், ஒரு மீட்டர் நீளத்துக்கு அறுநூறு கிலோவுக்கு மேல் எடை வைத்த மாதிரி ஒன்றையொன்று தள்ளிக்கொள்ளும். மின்னோட்டம் இரண்டு மடங்கானால் விசை நான்கு மடங்கு. சான்றிதழ் பேனலில் நெருக்கமாக இருந்த சப்போர்ட்டுகளை இங்கே ஒன்று விட்டு ஒன்று எடுத்திருக்கிறார்கள். காஸ்ட் டவுன். அந்த மீட்டிங்கில் கைதட்டல்கூட விழுந்திருக்கும்.

இதே தரநிலை, பத்து கேஏவுக்கு மேல் எண் போட்டால் அதைச் சோதித்தோ, சோதித்த வடிவத்தோடு ஒப்பிட்டோ நிரூபிக்கச் சொல்கிறது. சில விலக்குகள் உண்டு, அச்சுக்கடைக்கு அதில் இடமில்லை. நம் நாட்டிலும் இதுதான் தரநிலை. இதற்கெல்லாம் முன்பே, 1956ஆம் ஆண்டு இந்திய மின்சார விதிகளிலேயே, பிரேக்கர் என்று வைத்தால் அது மின்னோட்டத்தைத் தாங்கவும் துண்டிக்கவும் தக்க திறனோடு இருக்க வேண்டும் என்று எழுதிவிட்டார்கள். எழுதியவர்கள் போய்ச் சேர்ந்திருப்பார்கள். விதி இன்னும் ஃபைலில் நலமாக இருக்கிறது.

பேனல்காரனை மட்டும் கூண்டில் ஏற்றினால் கன்சல்டன்ட் தப்பித்துவிடுவார். ஏசி அறையில் உட்கார்ந்து பழைய டெண்டரிலிருந்து எடுத்து ஒட்டிய வாசகம் அவருடையது: எல்லாப் பேனலும் ஐம்பது கேஏ, ஒரு விநாடி. மெயின் பேனலுக்கும் அதேதான், கேன்டீன் ஓரத்தில் இருக்கும் 63 ஆம்பியர் லைட்டிங் போர்டுக்கும் அதேதான். அந்த லைட்டிங் போர்டு வரை ஐம்பது மீட்டருக்கு 16 சதுர மில்லிமீட்டர் செப்பு கேபிள் ஓடுகிறதென்றால், கேபிளின் தடையே மின்னோட்டத்தை ஐந்து கேஏவுக்குக் கீழே இறக்கிவிடும். 10 கேஏ எம்.சி.பி. அங்கே ராஜா மாதிரி இருக்கும். இதைக் கணக்குப் போட்டு, இங்கே இவ்வளவு வரும், இங்கே இவ்வளவு போதும் என்று எழுதத்தான் அவருக்குக் கட்டணம். அவர் எழுதவில்லை. தேவையில்லாத இடத்தில் ஐம்பது கேட்டால் எல்லோரும் பொய் சொல்லத்தான் செய்வார்கள். பழகிய நாக்கு, தேவையான இடத்திலும் அதே பொய்யைச் சொல்கிறது. நம் தொழிற்சாலைகளில் பாதி இன்றும் நின்றுகொண்டிருப்பதற்குக் கேபிள் நீளம்தான் காரணம் என்பது என் கணிப்பு. இன்ஜினீயரிங் செய்யாத வேலையைத் தூரம் செய்துகொண்டிருக்கிறது.

அந்தத் தூரமும் எத்தனை நாளைக்கு? வியாபாரம் வளர்கிறது, முதலாளி இரண்டாவது ஆயிரம் கேவிஏவை இறக்குகிறார். பூஜை, எலுமிச்சம்பழம், லட்டு. பஸ் கப்ளரை மூடி இரண்டையும் சேர்த்து ஓட்டுகிறார்கள். 26.7 இப்போது 53. விசை நான்கு மடங்கு. பேனல்களில் ஒரு ஸ்க்ரூகூட மாறவில்லை, கதவில் ஐம்பது என்ற தகடும் அப்படியே. தன் வாழ்நாளில் முதல் முறையாக அந்தத் தகடு, வரக்கூடியதைவிடக் குறைவாகச் சொல்லிவிட்டதாக ஆகிறது.

"அமெரிக்காவுல எப்படி சார்?" என்று கேட்பார்கள். அங்கே 2005ஆம் ஆண்டுத் தேசிய மின் விதித் தொகுப்பில் தொழிற்சாலைக் கன்ட்ரோல் பேனலுக்கென்றே 409 என்று ஒரு பிரிவைச் சேர்த்தார்கள். எவ்வளவு தாங்கும் என்று பேனலில் எழுத வேண்டும், அதற்கு மேல் மின்னோட்டம் வரக்கூடிய இடத்தில் அதை மாட்டக்கூடாது. எப்படிக் கண்டுபிடிப்பது என்பதை யு.எல். 508ஏ தரத்தின் எஸ்.பி. பின்னிணைப்பு சொல்கிறது. பவர் சர்க்யூட்டில் உள்ள பாகங்களில் எது மிகவும் பலவீனமானதோ, அதன் எண்தான் முழுப் பேனலுக்கும் எண். எண்ணே போடாத பாகம் என்றால் பிரேக்கருக்கு 5 கேஏ, ஓவர்லோட் ரிலேவுக்கு 5, டெர்மினல் பிளாக்குக்கு 10 என்று தரநிலையே வைத்துவிடும். லட்ச ரூபாய் பிரேக்கர் வைத்துவிட்டு எண்ணில்லாத ஒரு ஓவர்லோட் ரிலேவை மாட்டினால், மேலே மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்த எதுவும் இல்லாத வரை, பேனலின் எண் 5.

அங்கே எல்லோரும் உத்தமர்கள் என்று நான் சொல்லவில்லை. எதையும் யோசிக்காமல் 5 கேஏ என்று ஒட்டி அனுப்பிவிட்டு, எங்கே மாட்டுகிறாய் என்பது உன் பாடு என்று கைகழுவும் ஆட்கள் அங்கேயும் உண்டு. ஆனால் அந்த ஐந்து, கோழையின் எண்ணாக இருந்தாலும் பொய்யனின் எண் இல்லை. அதைப் படித்த ஒருவன், இது என் ஷெட்டுக்கு ஆகாது என்று திருப்பி அனுப்ப முடியும்.

எனக்கு எரிச்சல் வருவது வேறு இடத்தில். அமெரிக்காவுக்கு மெஷின் ஏற்றுமதி செய்யும் நம்மூர் ஆட்களுக்கு இதெல்லாம் அத்துப்படி. ஹூஸ்டனுக்குப் போகும் பேனலில் க்ளாஸ் ஜே ஃபியூஸ், அதோடு சோதிக்கப்பட்ட டிஸ்ட்ரிபியூஷன் பிளாக், கம்பெனியின் ஜோடி அட்டவணைப்படி கான்டாக்டர், கணக்கோடு ஒரு எண். அதே ஷெட்டில், அதே பையன்கள் கையால், ஓசூருக்குப் போகும் பேனலுக்கு அச்சுக்கடைத் தகடு. அறிவில்லாமல் செய்தால் சொல்லிக்கொடுக்கலாம். இது அறிந்து செய்வது. இரண்டு ஊரிலும் செம்பு 1085 டிகிரியில்தான் உருகும். வழக்குப் போட்டால் ஹூஸ்டனில் கம்பெனி காலி, ஓசூரில் ஒரு மாலையும் ஒரு கவரும். வித்தியாசம் அவ்வளவுதான், அதையும் கணக்கில் எடுத்துத்தான் கொட்டேஷன் போடுகிறார்கள்.

அந்தக் கவர் யாருக்குப் போகும் என்று எல்லோருக்கும் தெரியும். ஆப்ரேட்டர் கூப்பிட்டான் என்று ஸ்க்ரூ டிரைவரோடு ஓடிவந்து, ட்ரிப் ஆன பிரேக்கரை ஏன் ட்ரிப் ஆனது என்று பார்க்க நேரம் கொடுக்கப்படாமல் மறுபடி மேலே தள்ளும் கான்ட்ராக்ட் எலக்ட்ரீசியனுக்கு. ஷார்ட் இன்னும் அப்படியே இருக்கிறது. பிரேக்கர் தன் சக்திக்கு மீறியதை வெட்டப் பார்த்து முடியாமல் கிழிகிறது. உள்ளே ஆர்க். செம்பு ஆவியாகி, இருந்த கன அளவைப் போலப் பல்லாயிரம் மடங்கு விரிகிறது. கதவு முதலில் பறக்கிறது, பின்னாலேயே நெருப்பு. பாலியஸ்டர் யூனிஃபார்ம் தோலோடு ஒட்டிக்கொள்கிறது. அந்த யூனிஃபார்மையும் லோகோ வைத்துக் கம்பெனிதான் கொடுத்தது, சம்பளத்தில் பிடித்துக்கொண்டு.

மறுநாள் பேப்பரில் மின்கசிவு என்று நான்கு வரி. உள் விசாரணை அறிக்கையில், பணியாளரின் கவனக்குறைவு, உரிய பாதுகாப்பு உபகரணம் அணியாமை. உரிய பாதுகாப்பு உபகரணம் எந்தப் பீரோவில் இருந்தது, எத்தனை கேஏவுக்கானது என்று அறிக்கையில் இருக்காது. அப்புறம் பாதுகாப்பு வாரம் வரும், பேனர் கட்டுவார்கள், ஹெல்மெட் போட்டு மேனேஜர் போட்டோ எடுத்துக்கொள்வார், ஸ்லோகன் போட்டியில் மூன்றாம் பரிசு அந்தப் பையனின் ஷிப்டுக்கே கிடைக்கலாம்.

செலவு தாங்காது சார் என்பார்கள். பொய். டிரான்ஸ்பார்மர் பக்கத்துப் பேனலில் சரியான ஹெச்.ஆர்.சி. ஃபியூஸோ, சோதித்த ஜோடியாக ஒரு கரன்ட் லிமிட்டிங் பிரேக்கரோ போட்டால், உச்சம் ஏறி முடிப்பதற்கு முன்பே வெட்டிவிடும். கீழே இருக்கும் சின்னப் பாகங்கள் எல்லாம் அட்டவணைப்படி பிழைத்துக்கொள்ளும். ஆனால் ஃபியூஸ் என்றால் தாத்தா காலத்துச் சரக்கு, எம்.சி.சி.பி. என்றால் கௌரவம். கௌரவத்துக்குக் கொடுக்கும் காசைக் கணக்குக்குக் கொடுக்க மாட்டோம். திறப்பு விழாப் பந்தலுக்கும் சால்வைக்கும் ஆகும் தொகையை ஒரு ஷார்ட் சர்க்யூட் ஸ்டடிக்குக் கேட்டுப் பாருங்கள், கணக்கரின் முகம் எப்படி மாறுகிறது என்று.

அதனால் டெண்டரில் ஒரே ஒரு ஷரத்தைச் சேர்க்கச் சொல்கிறேன். அரசாங்கத்துக்கு ஒரு பைசா செலவில்லை. புதுப் பேனலுக்கு முதல் முறை சப்ளை கொடுக்கும்போது, தகட்டில் ஐம்பது என்று எழுதச் சொன்னவர், அதை டெண்டரில் ஒட்டியவர், சர்டிபிகேட்டில் ஒயிட்னர் பூசியவர், செக்லிஸ்ட்டில் கையெழுத்துப் போட்டவர், விலை குறைவு, எல்1 என்று தேர்ந்தெடுத்தவர் ஐவரும் பேனல் முன்னால் ஓரடி தூரத்தில் நிற்க வேண்டும். கோட் சூட்டே போதும். எலக்ட்ரீசியன்கள் எல்லோரும் காம்பவுண்டுக்கு வெளியே டீ குடிக்கட்டும். இன்கமரை ஐவரில் சம்பளம் அதிகமானவர் தன் கையாலேயே மேலே தள்ளட்டும். கதவைச் சாத்திக்கொள்ள அனுமதி உண்டு. ஆனால் சாத்துவதற்கு முன் கதவு போல்ட்டை எண்ணிப் பார்த்துக்கொள்ளுங்கள் சார், எட்டு இருக்க வேண்டிய இடத்தில் ஐந்துதான் இருக்கும். உங்கள் காஸ்ட் டவுன் மீட்டிங்கில்தான் மூன்றை எடுத்தீர்கள்.